குண்டனின் மார்பளவு

முப்பத்தெட்டு வருடத்தில் டெய்லர் ஒரு தடவைகூட அளவு தவறித் துணி வெட்டியதில்லை. கோட்டு தைக்க வந்தவர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால், "மூச்ச விடுங்க சார், நாளைக்கு நீங்கதான் போடப்போறீங்க" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் ஒரு நாய்க்காக டேப்பைப் பிடித்துக்கொண்டு புளுகினார்.

குண்டன் அவர் மனைவி வளர்த்த நாய். அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவரைத் தவிர மூச்சு விடுகிற ஜீவன் அது ஒன்றுதான். பகல் முழுக்கக் கடையில் கட்டிங் மேஜைக்கு அடியில், துணித்துண்டுகளின் மேல் படுத்துக் குறட்டை விடும். அதற்குப் பதினோரு வயதானபோது கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா அதை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். நம்மோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நம்மைவிடச் சீக்கிரம் கிழடாகிற பிராணியாம் நாய். அதைப் பார்த்தால் மனிதர்களின் மூப்பும் புரியுமாம். மூப்பைத் தள்ளிப்போடத் தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு படிவம், வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை. படிவத்தில் சாப்பாட்டையும் மார்புச் சுற்றளவையும் எழுத வேண்டும்.

"நிஜ மருந்தா வெறும் மாவான்னு எனக்கே தெரியாதுங்க ஐயா. ஆனா சாப்பாடு குறைஞ்சா, இளைச்சா, உடனே எழுதுங்க. மாத்திரைய நிறுத்திடுவோம்" என்றார் டாக்டரம்மா.

நிறுத்திடுவோம் என்றது மட்டும்தான் டெய்லர் மனதில் தங்கியது.

ஏழாவது மாதம் குண்டன் தட்டில் பாதியை மிச்சம் வைத்தது. டேப்பில் முக்கால் அங்குலம் குறைந்தது. உள்ளதை எழுதினால் மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள், பிறகு இது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கணக்குப் போட்டார். சாப்பாடு குறையவில்லை என்றும் பழைய மார்பளவையுமே எழுதினார். அடுத்தடுத்த மாதங்களும் அப்படியே. வாயைத் திறக்காமல் அடம்பிடித்த நாயின் தொண்டைக்குள் விரலை விட்டு மாத்திரையைத் தள்ளினார். "முழுங்குடா கண்ணு, உனக்காகத்தானே" என்று கெஞ்சினார். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மேஜைக்கு அடியிலேயே அது செத்துப்போனது.

டாக்டரம்மா உடலை அறுத்துப் பார்த்தார். குண்டனுக்குக் கொடுத்தது மருந்தா மாவா என்று எழுதி முத்திரையிட்டிருந்த உறையையும் பிரித்தார். நிஜ மருந்துதான்.

"கிட்னி போயிருக்கு. ஆனா உங்க படிவப்படி கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டிருக்கு, இளைக்கவே இல்ல. மருந்து மேல தப்பு இருக்காதுங்க ஐயா. மத்த நாய்ங்களுக்குத் தொடர்ந்து குடுக்கலாம்."

"மத்ததுன்னா எத்தன?"

"இருநூறு இருக்கும்."

"நான் எழுதினது பொய்ம்மா" என்றார் டெய்லர். "ஏழாம் மாசத்துலேர்ந்தே இளைச்சுது. அப்பவே சொல்லியிருந்தா?"

"நிறுத்தியிருப்போம். பொழைச்சிருக்கும்." அந்த அம்மாவுக்குப் பூசி மெழுகத் தெரியாது.

உடனே போனை எடுத்து, எல்லா நாய்களுக்கும் மருந்தை நிறுத்தச் சொன்னார். பிறகு குண்டனின் ஃபைலை மூடித் தனியே வைத்தார்.

"இத ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடணும் ஐயா. ஒரு பொய் கலந்தா எதையுமே நம்ப முடியாது."

"நிஜ அளவெல்லாம் எனக்கு மனப்பாடம்மா, எழுதிக்குங்க. ஏழாம் மாசம் இருபத்தேழேகால். எட்டாம் மாசம் இருபத்தாறரை. ஒம்பதாம் மாசம் இருபத்தஞ்சு..."

டாக்டரம்மா கடைசி மாதம் வரை பொறுமையாகக் கேட்டார். பேனாவை எடுக்கவில்லை.