நிப்பிள் கீழே, காற்று மேலே

காரிமங்கலத்தில் அக்கா வூட்டுக்குப் போயிருந்தேன். மாமா ஒரு பெரிய காரின் பிரேக் காலிப்பர்களை, அதாவது சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பாகங்களை, வாங்கி வந்து, தன் சின்ன காரில் தானே மாட்டியிருந்தார். நாளைக்குத் தீர்த்தமலையில் குழந்தைக்கு மொட்டை. எல்லோரும் அந்தக் காரில்தான் போகிறார்களாம்.

"பெருசு மாப்ள. தொட்டா நிக்கும்."

மிதித்துப் பார்த்தேன். பெடல் தரை வரைக்கும் போனது.

"புதுசுல்ல, பழகிரும்."

"பழகுறதுக்கு அது என்ன புது மருமகளாங்க மாமா?"

குனிந்து பார்த்தேன். காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்கணும். இங்கே கீழே இருக்கிறது. வலது காலிப்பரை இடதிலும் இடதை வலதிலும் மாட்டியிருக்கிறார். பிரேக் ஆயிலில் இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாமல் மேலேயே நிற்கிறது, மிதித்தால் பிரேக் பிடிக்காது. சொன்னேன்.

"படிச்சுட்டா எல்லாத்துலயும் குத்தம். பூஜையெல்லாம் போட்டாச்சு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தியாச்சு!"

பழம் நசுங்கினால் வண்டி ஓடுகிறது என்று அர்த்தம். நிற்கும் என்று இல்லை.

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "கார் சாவிய எடுத்துக்கிட்டுக் கெளம்புடா" என்றாள். எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மாமா இதுவரை ஒரு போன்கூடப் பண்ணவில்லை. அதுதான் உதைக்கிறது. கார் வாங்கும்போது கொடுக்கிற ரெண்டாவது சாவியை உங்க வூட்டுல எங்கங்க வைப்பீங்க?