நில்மினி பிடித்த நெரை

போன கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தேன். கடைக்கார நானா தோள்பட்டியை இழுத்து உறுதியைக் காட்டினார். புது ரெக்சின் வாசம் மூக்கில் ஏறியதும் கெம்பஸ் முதல் வருஷம் ஞாபகம் வந்துவிட்டது. நானா விலை சொன்னது கூடக் காதில் விழவில்லை.

பொறியியல் முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து கையால் ஒரு பொருள் செய்யணும், பாவிக்கிற ஆளிடம் கொடுத்துப் பார்க்கணும். என் கூட்டாளி நில்மினி, சிலாபத்துக் கடற்கரைக்காரி. தேயிலையைக் கோப்பையில் மட்டும்தான் பார்த்தவள். நானோ வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளை, அம்மா கொழுந்து எடுக்கிறவர். முதுகுக் கூடையின் கயிறு தலையில் அழுத்தி அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் கழுத்து வலி. அதனால் தோளில் மாட்டுகிற கூடை செய்வோம் என்றேன். அளவு கேட்டாள் நில்மினி. எனக்குத் தெரியாததா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எவ்வளவு திமிர் பாருங்கள்!

உண்மை என்னவென்றால், நான் ஒருநாளும் மலையில் நின்று கொழுந்து எடுத்ததில்லை. எங்கள் லயத்தில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான், படிக்கிற பிள்ளையை மலைப்பக்கம் விடமாட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் வாசல் ஆணியில் தொங்கும் கூடை மட்டும்தான். அதை நில்மினியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ரெக்சின் பட்டி, இரும்புக் கொக்கி எல்லாம் வைத்துத் தைத்து, இரண்டு பேருமாக வீட்டுக்குக் கொண்டுபோனோம். அம்மா அன்றைக்கு அதைத்தான் மாட்டிக்கொண்டு போனார். சாயந்தரம் வந்து, நல்லா இருக்கு, சுகமா இருக்கு என்றார். நான் பூரித்துப்போய்க் கொப்பியில் எழுதிக்கொண்டேன். நில்மினிதான் அம்மாவின் முழங்கை உரிந்திருப்பதைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழிலும் அம்மாவுக்குத் தெரிந்த சிங்களத்திலும் துருவித் துருவிக் கேட்டாள். சரிவில் கால் வழுக்கியிருக்கிறது. தலைக்கயிற்றுக் கூடை என்றால் தலையைச் சாய்த்தாலே கழன்றுவிடும். எங்கள் கூடை கழலாமல் அம்மாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் நானே மலைக்கு வந்து கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினேன். அம்மா வாசலில் குறுக்கே நின்றார்.

"நீ ஏறக்கூடாதுன்னுதான் நான் இத்தன வருசமா ஏறுறேன். அந்தப் புள்ள வரட்டும். நீ வராத."

நில்மினி போனாள். படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, தலைக்கயிறு போட்டு, அம்மாவுக்குப் பக்கத்துத் தேயிலை நெரையைப் பிடித்தாளாம். கங்காணி சிரித்தாராம். நான் வீட்டில் ரொட்டி சுட்டு, இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வைத்துக் காத்திருந்தேன். அட்டை கடித்த காலோடு வந்தவள், கயிறு தலையிலேயே இருக்கட்டும், அழுத்துகிற இடத்தில் அகலமாக மெத்தைப் பட்டி வைப்போம் என்றாள். அப்படியே செய்தோம். சுமாரான புள்ளிதான் கிடைத்தது. ஆனாலும் அம்மா அந்தப் பட்டியை வேலை விடும்வரை கழற்றவில்லை.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அந்த மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு டர்பன்டைன் மரம் நட்டுவிட்டார்கள். போன மாசம் போய்ப் பார்த்தேன், நெரை எது பாதை எது என்றே தெரியவில்லை. அம்மா எந்த இடத்தில் நிற்பார், இளைப்பாற எந்தக் கல்லில் உட்காருவார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்க அங்கே ஆளில்லை. சிலாபத்துக்குப் போன் போட்டு நில்மினியிடம்தான் கேட்டேன்.