மேடையை விட்டு இறங்க முடியாத அக்கா

வந்திருந்தவர்கள்: எங்கள் அறக்கட்டளையின் தலைவர், செயலாளர், பொருளாளர், சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற அதிகாரி, போட்டோகிராபர், நான், என் அக்கா. வராதவர்கள்: ஏழைக் குடும்பங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அரசு எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவுசெய்து, மனுவாகக் கொடுப்பதற்கான கூட்டம் அது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன கல்யாண மண்டபத்தில், வேலை நாளில் வைத்திருந்தோம். கூப்பிட்ட குடும்பங்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டன.

ஒரு குடும்பமாவது மேடையில் இருக்க வேண்டும் என்றார் செயலாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பு வாங்கித் தந்ததுதான் இந்த அறக்கட்டளை வேலை. எனவே கையெட்டும் தூரத்தில் இருந்த குடும்பத்தை அழைத்தேன். அக்கா பொன்மலைப் பக்கம் ஒரு கேன்டீனில் சப்பாத்தி போடுகிறாள். மாமாவுக்கு அன்று பகல் ஷிப்டு. மூன்றரைக்கு அங்கன்வாடி மூடும்; பிள்ளையை எடுக்க அவளை விட்டால் ஆளில்லை. ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி லீவு போட வைத்தேன். டிக்கெட் இல்லாத மகளிர் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

பொன்னாடை போர்த்தாமல் யாரையும் பேசவிடும் வழக்கம் எங்களிடம் இல்லை. சிறப்பு விருந்தினருக்கு முன் இன்னொருவருக்குப் போர்த்தும் வழக்கமும் இல்லை. அவர் தாமதமாக வந்தார். வந்ததும், பொன்னாடைக்குக்கூடக் காத்திராமல் மைக்கைப் பிடித்து, ஏழைகளின் நேரத்தை நாம் மதிப்பதே இல்லை என்று வெகுநேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். நான் குறிப்பெடுத்தேன்.

மேடையிலிருந்து அக்கா வாட்ச் இல்லாத மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். பின்பக்கமாகப் போய்ச் செயலாளரின் காதில் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், பதறிப்போனார். அவளுக்கு முதலில் போர்த்தி அனுப்பிவிடலாம் என்றார். அது முறையாகாது என்றார் பொருளாளர். விவாதம் மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் போர்த்துவது என்று முடிவானது. போர்த்தினார்கள். போட்டோகிராபர் ஒருவர்தான் என்பதால், இரண்டு பொன்னாடைகளையும் கழற்றி, ஒருவருக்குப் பின் ஒருவருக்கு மறுபடி போர்த்தினார்கள்.

பிறகு மைக் அக்காவிடம் வந்தது. உங்கள் குடும்பத்தின் முதல் தேவை என்னம்மா என்று தலைவர் கேட்டார்.

"மூணரைக்குப் பிள்ளைய எடுக்கணுங்க. அப்புறம் அங்க ஆள் இருக்க மாட்டாங்க. நான் கெளம்பணும்."

கைதட்டல் அடங்க நேரமானது. செயலாளர் பலகையில் எழுதினார்: முன்னுரிமை ஒன்று, அங்கன்வாடி நேரத்தை மாலை ஆறு மணி வரை நீட்டித்தல். அந்தப் பலகையோடு ஒரு படம் எடுக்க அக்காவை நிற்க வைத்தார்கள். இறங்கியவளைப் படிக்கட்டில் செயலாளரே மறித்தார்.

"பெருமாள் பிரசாதம், வாங்கிக்காம போகப்படாதும்மா."

தொன்னை வந்து சேரும்வரை நின்றோம்.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. அக்கா பொன்னாடையைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை போலிருக்கிறது.

"தம்பி, உங்க ஆபீஸ்ல ஏழைங்கள கூப்பிட்டா சாயங்காலம் கூப்பிடச் சொல்லு."

"சாயங்காலம் அவங்க வர மாட்டாங்கக்கா."

"யாரு, ஏழைங்களா?"

"எங்க ஆளுங்க."

அங்கன்வாடி பூட்டியிருந்தது. வாசற்படியில் ஆயா உட்கார்ந்திருந்தார், மடியில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பஸ் எப்போதோ போயிருந்தது. அக்கா பொன்னாடையை எடுத்து அவர் தோளில் போர்த்தினாள்.

ஆயா சரிகையைத் தடவிப் பார்த்தார். "இது நல்லாருக்கு. நான் வீட்டுக்கு எப்படிப் போறது?"

வந்த ஆட்டோவிலேயே அவரை அனுப்பிவைத்தோம்.

அந்த முன்னுரிமை சரியானது என்று இன்றும் நம்புகிறேன்; மனுவில் அதுதான் முதலில் போனது. அதைக் கண்டறிய ஆன செலவு: அக்காவின் ஒருநாள் கூலி நானூறு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோ முந்நூறு, ஆயா வீட்டுக்கு எண்பது, விழித்தெழுந்த பிள்ளைக்குப் பிஸ்கட் பத்து. ஆக மொத்தம் எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.