லினன் விரிப்பில் படுத்தவர்

படுத்துக்கொண்டே வியாபாரம் பார்க்கும் மனிதரைப் பூந்தமல்லி மெத்தைக் கடை ஒன்றில்தான் சந்தித்தேன். ஐம்பது வயது, நல்ல தொப்பை, காதில் செருகிய பேனா. படுக்கை விரிப்பைப் பற்றி யார் என்ன கேட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, கடை நடுவில் லினன் விரிப்பு போட்டுவைத்திருந்த கட்டிலில் சாய்ந்துகொண்டுதான் பதில் சொல்வார்.

எங்கள் திருநின்றவூர் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே. இந்த வெயிலில் நானும் மனைவியும் தூங்கியே பல நாள் ஆகிறது என்று சொன்னோம்.

"லினன் எடுத்துக்கோ சார். வேர்வைய உறிஞ்சிக்கும், முதுகுல ஒட்டாது. தோய்க்கத் தோய்க்க மெத்துனு ஆவும்."

"ரொம்பக் கசங்குமாமே?"

"காலைல கசங்காம கீதுன்னா, நீ தூங்கவேல்லன்னு அர்த்தம் சார்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்று நினைத்தோம், குறட்டை வந்தது. எழுப்ப மனம் வராமல், கிசுகிசுவென்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கல்லாவிலிருந்து முதலாளி இருமியதும் துள்ளி எழுந்தார்.

"புதுசு ஒண்ணு பிரிச்சிக் காட்டட்டா சார்?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"புதுசு வேணாண்ணா, நீங்க படுத்திருந்த இதையே குடுங்க," என்றாள் என் மனைவி. "இதுலதான் தூக்கம் வருதுன்னு கண்ணால பாத்துட்டோமே."

அவர் முகம் தொங்கிப்போனது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறவர் போல, தடவித் தடவி மடித்துத் தந்தார்.

நாங்கள் இப்போது நன்றாகத் தூங்குகிறோம். அவர் தூங்குகிறாரா என்பதுதான் தெரியவில்லை.