குருவிமலைக் கோட்டையும் ஒரு காக்கிச் சட்டையும்

எமர்ஜென்சி சமயத்து மழைக்காலம் அது. ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு மாடிப் போர்ஷனில் நானும் மனைவியும் குடியிருந்தோம். அந்த மழைக்காலத்தில் சில நாட்கள், அரசாங்கம் தன் மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு என் ஒருவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது என்று நான் முழுமனதாக நம்பினேன். இன்று அதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

மன்னார்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் தற்காலிக கிளார்க்காக இருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு எல்லாக் காகிதமும் மேலே போய்விட்டது. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, போலீஸ் விசாரணை. ஆள் யோக்கியன்தான் என்று ஸ்டேஷனிலிருந்து ஒரு வரி வர வேண்டும். அந்த ஒரு வரியை நம்பித்தான் வீட்டு வாடகை, மாமனார் வீட்டில் எனக்கிருந்த மரியாதை, இரண்டுமே நின்றுகொண்டிருந்தன.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு கோட்டை இருந்தது.

பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்துச் சேர்ந்த விளையாட்டு அது. காரைக்குடிப் பக்கம் ஒரு ரிட்டையர்ட் கணக்கு வாத்தியார் தபாலிலேயே நடத்தினார். சேருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டை, கொஞ்சம் வீரர்கள், குதிரைகள். இரும்பும் கரியும் சேர்த்தால் வாள் செய்யலாம். மூங்கில் இருந்தால் ஏணி. செய்ததையெல்லாம் கிடங்கில் வைக்கலாம். ஆனால் ஒரு வீரன் மூன்று பொருளுக்கு மேல் தூக்கக் கூடாது. வாரா வாரம் நம் உத்தரவை ஒரு தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். வாத்தியார் தாயக்கட்டையை உருட்டி, யார் ஜெயித்தார், யார் செத்தார் என்று பதில் கார்டு போடுவார். எதிரி யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. என் கோட்டைக்குக் குருவிமலை என்று பெயர். என் எதிரி கீழக்கோட்டை.

நான் புதிது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு வருகிற சந்தேகங்கள் எல்லாம் எனக்கு வந்தன. வாள், கேடயம், சோற்று மூட்டை மூன்றையும் வீரன் தூக்கிவிட்டால் ஏணியை யார் தூக்குவது? வாள் உடைந்தால் உருக்கிக் கேடயம் செய்யலாமா? எதிரி தூங்கும்போது அடித்தால் பாவமா, புள்ளியா? இதையெல்லாம் வாத்தியாருக்கு எழுதிக் கேட்பேன். அவரும் சளைக்காமல் பதில் போடுவார். அந்தத் தைரியத்தில் ஒரு திங்கட்கிழமை நான் போட்ட கார்டு இது:

"ஐயா, கரி பத்து மூட்டை சேர்த்துவிட்டேன். வெடிமருந்து தயாரிக்க இன்னும் என்னென்ன வேண்டும்? தயாரித்ததை எங்கே பதுக்குவது? கீழக்கோட்டையைப் பௌர்ணமிக்கு முன் தாக்க உத்தேசம். ராஜா பிடிபட்டால் கொன்றுவிடலாமா, உயிரோடு வைத்திருக்க வேண்டுமா? உடனே பதில் தேவை."

கீழே என் பெயர், கதவு எண், வீதி, ஸ்ரீரங்கம். எல்லாம் குண்டு குண்டாக, தெளிவாக. ஆபீஸில் எனக்கு நல்ல கையெழுத்துக்காரன் என்று பெயர்.

போட்டுவிட்டு மறந்துவிட்டேன். அந்த வாரம் பதில் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஆபீஸில் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் எங்கள் செக்‌ஷன் சீனியரிடம் சொன்னேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் போகிறவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தம்பி, இதைக் கார்டுலயா எழுதுனீங்க?"

"ஆமா சார். விளையாட்டுதானே."

"விளையாட்டுன்னு கார்டுல எங்கயாவது எழுதியிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். எழுதவில்லை.

"இப்ப கல்யாணப் பத்திரிகையையே பிரிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புறாங்கன்னு பேசிக்கிறாங்க. நீங்க பிரிக்கிற வேலைகூட வைக்கலியே" என்றார். பிறகு ஆறுதலாக, "கர்த்தர் இருக்காரு" என்றார். அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

அன்று ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டி வீடு வந்து சேர்ந்தேன். கீழே வீட்டுக்காரர் வாசலில் காத்திருந்தார். கோயில் கைங்கர்யக் குடும்பம், கண்ணில் புரை விழுந்து பாதி பார்வைதான். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஓய், உம்மைத் தேடிண்டு ஒருத்தன் வந்தான். காக்கிச் சட்டை. உம்ம பேரைச் சொல்லிக் கேட்டான். இந்த வீதியில இருக்காரான்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க சாமி?"

"அடியேன் அப்படி யாரையும் கேள்விப்பட்டதே இல்லேன்னுட்டேன். காலம் கெட்டுக் கிடக்கு. பெருமாள் இந்தப் பொய்யை மன்னிப்பர்."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன். ஜாடையாக மனைவியை உள்ளே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டாள், "அந்தக் கரி பத்து மூட்டை நம்ம வீட்டுலயா இருக்கு?"

"இல்ல. குருவிமலையில."

"குருவிமலை எங்க இருக்கு?"

"எங்கயும் இல்ல."

"அப்பறம் என்னங்க" என்று அவள் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

எனக்கு அப்படிப் போக முடியவில்லை. காலண்டர் பின்பக்கத்தில் வரைந்திருந்த கோட்டை வரைபடத்தைக் கிழித்தேன். கிழித்ததை அடுப்பில் போட்டேன். வாத்தியாரின் பழைய கார்டுகளை எரிக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் கட்டி அரிசி டின்னுக்குள் புதைத்தேன். பிறகு அரிசி டின்னைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று தோன்றியது. எடுத்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். அதில் படுத்தால் தூக்கம் வருமா? மறுபடியும் அரிசி டின். "நாளைக்குச் சோத்துல குதிரை வந்தா எங்கிட்டக் கேக்காதீங்க" என்றாள் மனைவி.

மறுநாள் முதல் திருவானைக்காவலிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, சந்து சந்தாக நடந்து வீடு வந்தேன். குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். மழை பின்பக்கம் அடித்தது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் என்னைப் பார்த்ததும் பெட்டியை நிறுத்தினார்.

"சார், உங்களத் தேடி அந்தக் காக்கி மறுபடி வந்துச்சாமே. சித்திரை வீதி, உத்திர வீதி எல்லாம் கேட்டுக்கிட்டுப் போவுதாம். எதும் பிரச்சனையா?"

வீதி வீதியாகத் தேடுகிறார்கள். ஒரு சாதாரண கிளார்க்குக்கு எவ்வளவு பெரிய மரியாதை. அன்று எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். யோக்கியன் என்று எழுத வேண்டிய ஸ்டேஷனே வலை விரித்துத் தேடினால் யார் நிரந்தரம் செய்வார்கள்? மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இப்படி ஒளிஞ்சா நிஜமாவே ஏதோ இருக்குன்னுதான் நெனைப்பாங்க. நேராப் போயி சொல்லிட்டு வந்துருங்க. போட்ட சோத்தைக்கூட ஒழுங்காச் சாப்பிடாம."

போனேன். வெறுங்கையோடு போகவில்லை. ஒரு பையில் வாத்தியாரின் கார்டுகள், மாற்று வேட்டி, துண்டு, பல்பொடி. எத்தனை நாள் வைத்திருப்பார்களோ.

ஸ்டேஷனில் ஏட்டையா ஒருவர்தான் மேஜையில் இருந்தார். மற்றவர்கள் எங்கேயோ பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். நல்ல தடித்த மீசை, அதற்குப் பொருந்தாத மெல்லிய குரல். வணக்கம் சொல்லி என் பெயரைச் சொன்னேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இது போலீஸ்காரர்களின் தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன விஷயமா வந்தீங்க? புகாரா?"

"இல்லீங்கய்யா."

"யாராவது உங்க மேல புகார் குடுத்திருக்காங்களா?"

"தெரியலீங்கய்யா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"சரணடையலாம்னு."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். நான் பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தேன். கார்டுகளோடு பல்பொடிப் பொட்டலமும் விழுந்து கொஞ்சம் சிதறியது. அவர் அந்தப் பொடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லு வெளக்குறதுங்க" என்றேன்.

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டேன். விளையாட்டு, வாத்தியார், தாயக்கட்டை, கரி மூட்டை, பௌர்ணமி, ராஜா. அவர் ஒவ்வொரு கார்டாக எடுத்து, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இரும்பு எங்கேருந்து வருது?"

"மலையிலேருந்துங்க. ஒரு வாரம் வெட்டினா ஒரு வண்டி."

"ஒரு வண்டிக்கு எத்தனை வாள்?"

"பத்து வருங்க. கரி வேணும் அதுக்கு."

"இப்பக் கையிருப்பு என்ன இருக்கு?"

இது விசாரணையா, சும்மா கேட்கிறாரா? மீசைக்கு நடுவில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. விசாரணையாக இருந்தால் மறைத்த குற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். ஆகவே எல்லாவற்றையும் சொன்னேன். கிடங்கில் என்ன இருக்கிறது, எத்தனை குதிரை நொண்டி, பாதிப் பேருக்கு வாளே இல்லை, அவர்கள் கையில் வெறும் ஏணிதான் இருக்கிறது, எல்லாம்.

"ஒரு ஆள் எவ்வளவு தூக்கலாம்?"

"மூணு சாமான்தாங்க."

"அப்ப அடிக்கப் போறப்ப சோத்து மூட்டையை வீட்டுலயே வச்சிட்டுப் போனா ஏணி தூக்கலாமே."

எனக்கு இத்தனை வாரம் தோன்றாத யோசனை. "நீங்க சொல்றது சரிதாங்கய்யா" என்றேன்.

"கோட்டைச் சுவரு எப்படி?"

"மூணு பக்கம் கல்லுங்க. மேற்குப் பக்கம் மட்டும் மண்ணு. கல்லுக்கு வச்சிருந்ததைக் கொடுத்துக் குதிரை வாங்கிட்டேன்."

"ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்று அவர் வருத்தத்தோடு கேட்டார். அந்த வருத்தம் உண்மையானது. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒரு டீ வந்தது. என்னையும் குடிக்கச் சொன்னார். வாத்தியார் விலாசத்தை ஒரு தடவை உரக்கப் படித்தார். அதோடு என் வாத்தியாரும் மாட்டினார் என்று நினைத்தேன். கடைசியில் கார்டுகளை அடுக்கி என்னிடம் கொடுத்தார்.

"உங்களை யாரும் தேடலங்க. இந்த ஸ்டேஷன்லேருந்து அந்த வீதிப் பக்கம் யாரும் போகவே இல்ல. வீட்டுக்குப் போங்க."

வாசல் வரை வந்துவிட்டேன். "சார், வேட்டி" என்றார் பின்னாலிருந்து.

வீட்டுக்கு வந்தால் வாசலில் காக்கிச் சட்டை நிற்கிறது. தோளில் பை. பையில் கடிதங்கள். எங்கள் பழைய தபால்காரர் லீவில் போயிருக்க, பதிலுக்கு வந்த புது ஆள். கையில் மழையில் ஊறிப்போன ஒரு கார்டு. என் பெயரும் ஸ்ரீரங்கமும் தவிர விலாசத்தில் மீதியெல்லாம் நீலத் தண்ணீராக ஓடியிருந்தது.

"உங்க ஒருத்தருக்காக எத்தனை வீதி சார் சுத்துறது? மொதல் நாளே இந்த வீட்டுலதான் கேட்டேன். அப்படி ஆளே இல்லன்னுட்டாரு பெரியவரு" என்றார். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எனக்காக இன்னொரு பொய்க்குத் தயாராக வந்துகொண்டிருந்தார். அவரைக் கையமர்த்திவிட்டுக் கார்டை வாங்கிப் படித்தேன். வாத்தியார் எழுதியிருந்தார்: "இந்த ஆட்டத்தில் வெடிமருந்தே கிடையாது. விதிகளைப் படிக்கவும்."

அதற்குப் பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. நானே போய்ப் பையைக் கவிழ்த்துவிட்டு வந்த அதே ஸ்டேஷன்தானே என்னைப் பற்றி எழுத வேண்டும்? ஆபீஸில் டெலிபோன் அடித்தாலே நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன். தை பிறந்த பிறகு சீனியர் என்னைக் கூப்பிட்டு, உத்தரவு வந்துவிட்டது என்றார். விசாரணையில் என்னைப் பற்றி ஆட்சேபம் ஒன்றும் இல்லையாம். வீட்டுக்காரருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திருவானைக்காவலில் இறங்காமல் நேராக வீட்டுக்கு வந்தேன்.

இதெல்லாம் நடந்து வெகு காலமாகிவிட்டது. இப்போதும் ஒரு கார்டு எழுதி முடித்தால், முன்பின் தெரியாத ஒருவர் கண்ணால் நானே ஒரு முறை படித்துப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போடுகிறேன். ஆனால் பயந்துபோனவன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் கற்றுக்கொண்டது அந்த வெடிமருந்துக் கார்டில் இல்லை. வேலை உத்தரவு வந்த அதே வாரம் வாத்தியாரிடமிருந்து வந்த அடுத்த கார்டில்தான்.

குருவிமலை விழுந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஓர் ஆட்டக்காரர், சோற்று மூட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு ஏணிகளோடு வந்து, மேற்குப் பக்க மண் சுவர் வழியாக உள்ளே இறங்கியிருந்தார். தோற்றவர் ஜெயித்தவருக்கு வாழ்த்து எழுத வேண்டும் என்பது ஆட்டத்தின் மரியாதை. அதற்காக வாத்தியார் அவர் விலாசத்தையும் கீழே கொடுத்திருந்தார்: போலீஸ் குடியிருப்பு, ஸ்ரீரங்கம்.