எங்களுக்கிடையே இருந்த கறள்

துருவை நாங்கள் கறள் என்போம். இத்தாலியர்கள் ருஜ்ஜினே என்பார்கள். பலேர்மோவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தச் சொல்லில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. முழுவதும் தெரிந்திருந்தால் என் கணவர் இன்றைக்கும் பல்கனியில்தான் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு இதயத்தில் பைபாஸ் செய்தார்கள். நெஞ்செலும்பை அறுத்துத் தைத்திருந்ததால், இருமும்போதும் சிரிக்கும்போதும் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னத் தலையணையையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காயம் ஆறியது. மாதங்கள் போயின. இனிப் படியிறங்கலாம், நடக்கலாம், தலையணை தேவையில்லை என்று டொக்டர் சொன்னார். இவர் இத்தாலிய மொழியில் "சீ, சீ" என்று தலையாட்டினார். அந்த "ஆம், ஆம்" எனக்குத் தமிழ்ச் "சீ" போலத்தான் கேட்டது.

வீட்டுக்கு வந்து மறுபடியும் தலையணையைக் கட்டிக்கொண்டு பல்கனியில் உட்கார்ந்தார். ரெஸ்டோரன்ட் குசினியில் வேலை செய்த காலத்தில் சட்டி கழுவிக்கொண்டே எல்லோரையும் சிரிக்கவைத்த மனிதர். இப்போது சிரித்தால் நெஞ்சு பிளந்துவிடும் என்ற பயம். நான் வேலைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ வரும்போதும் அப்படியே இருப்பார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்த மனிதர் வீட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எப்படியாவது அவரைக் கீழே இறக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது.

அந்த நேரத்தில்தான் கார் வந்தது. நகரின் பொலிதேயாமாப் பக்கம் நான் துப்புரவு வேலை செய்யும் வீட்டு அம்மா தன் கராஜை விற்கப்போனார். உள்ளே அவருடைய காலஞ்சென்ற கணவரின் பழைய சின்குவெசெந்தோ நின்றது. நாலு பேர் நெருக்கியடித்து உட்காரும் அந்தக் குட்டி உருண்டைக் கார். பழைய இரும்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை, நீ எடுக்கிறாயா என்று அவர் கேட்டு முடிக்க முன்னரே "ஓம்" என்றுவிட்டேன், அதுவும் தமிழில். என் கணவர் இளந்தாரியாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை செய்தவர். பல்கனிக்கு நேர்கீழே ஒரு பழைய காரை நிறுத்திவைத்தால் மனிதரால் சும்மா இருக்க முடியுமா என்று கணக்குப் போட்டேன்.

முடிந்தது. சீசா என்னும் பகுதியில் இருக்கும் எங்கள் மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் காரை இறக்கியபோது மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"உது காரில்லை, கறள்," என்றார். உள்ளே போய்விட்டார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து நானே தொடங்கினேன். காரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இந்த ஊர்த் தண்ணீர் குளியலறைக் குழாய்களில் ஏற்றிவைக்கும் வெள்ளைப் படிவை ஊறவைத்துச் சுரண்டியே என் கைகள் தேய்ந்திருக்கின்றன. கறளும் ஒரு ஊத்தைதானே என்று நினைத்தேன். துணியை வினாகிரியில் தோய்த்துப் போர்த்தி ஊறவைத்தேன். கம்பிப் பஞ்சால் தேய்த்தேன். பம்பரின் ஒரு மூலை பளபளத்தபோது, அந்த வீட்டு அம்மாவின் குழாயைப் பார்த்து வராத பெருமை வந்தது. ஒருநாள் தரையிலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிவிட்டு அங்கும் விடாமல் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தகடு உதிர்ந்து முற்றத்துக் கல் தெரிந்தது. கறள்தான் அதுவரை அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படி நான் காருக்குள் தலையை விட்டு முழித்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு இத்தாலியப் பெண், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுபவள், வந்தாள். உடுப்புக் காயப்போடும் சாக்கில் முற்றத்தில் நடப்பது எல்லாவற்றையும் பார்ப்பவள். பல்கனியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, தன் மொழியில் கேட்டாள்.

"பிள்ளை, ருஜ்ஜினே இருக்குது, என்ன?"

"நிறைய, சிஞ்ஞோரா," என்றேன். "மேலாலை பார்க்கத் தெரியாது. அடியிலைதான் முழுக்க."

"எப்ப தொடக்கம்?"

"கனகாலம். கவனிக்காமல் விட்டதாலை வந்தது."

"இனி என்ன செய்யப்போறாய்?"

"ஒவ்வொரு நாளும் சுரண்டுறன். சரிவராத இடத்தை வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு போடவேண்டியதுதான்."

அவள் சிலுவைக் குறி போட்டாள். என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். கண் கலங்கியிருந்தது. இந்த ஊர்ச் சனத்துக்குப் பழைய காரென்றால் எவ்வளவு உயிர் என்று நான் உருகிப்போனேன்.

அடுத்த நாள் மாலை காரின் மற்றப் பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கணவர். நெஞ்சில் தலையணை, முகத்தில் கொதி. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"நீர் ஊரெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு திரியிறீர்?"

"நான் என்னப்பா சொன்னனான்?"

"கீழ்வீட்டு மனுசி ஒரு தட்டம் பாஸ்தாவோடை மேலை வந்து நிக்குது. எனக்கும் உமக்கும் இடையிலை ருஜ்ஜினேயாம். கனகாலமாம். என்னை வெட்டி எறிஞ்சுபோட்டு நீர் புதுசு பார்க்கப்போறீராம். கீழை போய் மனுசியோடை சமாதானமாகு எண்டு என்னைப் பேசுது!"

அப்போதுதான் அவர் விளக்கினார். ருஜ்ஜினே என்றால் கறள் மட்டுமில்லை, இரண்டு பேருக்கிடையே உள்ளுக்குள் புகையும் மனக்கசப்பும் அதுதான். குசினியில் சமையல்காரர்கள் சண்டை பிடிக்கும்போது கேட்டுக் கேட்டு அவருக்குத் தெரியும். எனக்குச் சண்டை பிடிக்கும் அளவுக்கு இத்தாலிய மொழி தேவைப்பட்டதில்லை. நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையணையை இறுக்கிக்கொண்டு கார்த் தரையில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, இதை ஆர் உப்பிடிச் சுரண்டினது?"

"நான்தான்."

"கம்பிப் பஞ்சாலையோ? இது என்ன, குளியலறையோ? தள்ளும்."

தள்ளினேன். சந்தோஷமாகத் தள்ளினேன். ஒரு கையில் தலையணையும் மறுகையில் திருப்புளியுமாக அவர் குந்தினார். சன்னலில் நின்ற கீழ்வீட்டு சிஞ்ஞோரா தான் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நிம்மதியில் இரண்டு கையையும் கூப்பினாள். நாங்கள் அவளுக்கு உண்மையைச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பெரிய பிழையும் இல்லை. எத்தனை மாதமாக நாங்கள் இருவரும் சாப்பாட்டையும் மருந்துக் குளிசையையும் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு நாளாந்தம் கீழே வந்தார். பாரம் தூக்கக் கூடாது என்பதால் தூக்குவது நான், அதட்டுவது அவர். பாஸ்தாப் பெட்டி அட்டையில் தரைத் தகட்டுக்கு அளவு வெட்டினார். இரும்புக் கேற் செய்யும் பட்டறையில் வேலை செய்யும் சிஞ்ஞோராவின் மகன், தாயின் கட்டளையால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புதுத்தகட்டை வெல்டிங் செய்து தந்தான். என் வேலை வீட்டு அம்மா கணவரின் அலுமாரியைக் கிளறி மிச்சமிருந்த உதிரிகளைப் பையில் போட்டுக் கொடுத்தார். இவர்களுக்கெல்லாம் நான் எப்படி நன்றி சொல்வது? அவர்களுக்கு அது ஒரு கார். எனக்கு அது என் மனிதர்.

எஞ்சினை எழுப்பியது அவருடைய பழைய வித்தைதான். ஊரில் சண்டைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியபோது செய்ததுபோல, மூடியில் துளையிட்ட சின்னப் போத்திலால் காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோலைப் பீச்சினார். கார் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. முற்றத்துச் சன்னல்கள் எல்லாம் திறந்தன.

பூச்சும் பரிசோதனையும் காப்புறுதியும் முடிந்து, றோட்டில் இறக்கும் நாள் வந்தது. அந்த வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக லைசென்ஸ் எடுத்தவள் நான், ஆகவே நான்தான் ஓட்டுவது. கண்ணூறு கழிய, எங்கள் வழக்கப்படி நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தேன். ஏறி உட்கார்ந்தேன். சீற்றின் ஸ்பிரிங் அமுங்கி நான் தாழ்ந்துபோனேன்.

"என்னப்பா, றோட்டுத் தெரியேல்லை. ஸ்டியரிங் மட்டும்தான் தெரியுது."

பக்கத்தில் மடியில் தலையணையோடு இருந்தவர் என்னைப் பார்த்தார். தலையணையைப் பார்த்தார்.

"எழும்பும்," என்றார்.

நான் எழும்ப, அதை என் சீற்றில் வைத்துத் தட்டிச் சரிசெய்தார். உட்கார்ந்தபோது முற்றமும் கேற்றும் வெளியே தெருவும் தெரிந்தன. கியரைப் போட்டேன்.

கார் அசைந்து, முக்கி, நின்றுவிட்டது. சிசிலித் தேசிக்காய் எங்கள் ஊர்த் தேசிக்காய் இல்லை. தடித்த தோலும் கைகொள்ளாத பருமனுமாக அது இந்தக் குட்டிக் காருக்குக் கல்லாக நின்றது. மறுபடி எடுத்தேன். மறுபடி நின்றது. மூன்றாம் தரம் ஒரு தேசிக்காய் நசுங்காமல் நழுவி உருண்டு, கீழ்வீட்டு வாசலில் போய் நின்றது.

என் கணவர் சிரித்தார். வாய்விட்டு, உடம்பு குலுங்க.

"சிரியாதேங்கோ, நெஞ்சு!" என்று கத்தினேன்.

அவர் கேட்கவில்லை. பிடிப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் தன்பாட்டில் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

சிஞ்ஞோரா தேசிக்காயைப் பொறுக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து, ருஜ்ஜினே போய்விட்டதா என்று சத்தம் போட்டாள். நான் வாய் திறக்க முன்னர் அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"போயிட்டுது, சிஞ்ஞோரா," என்றார், தமிழில்.