இராஜதுரை அதிபர் நீட்டிய கோப்பி

வேலணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராக இருந்த இராஜதுரை, வெளிநாடு போய், பலேர்மோ நகரில் பள்ளிக்கூட அதிபரான ஒரு பெண்ணின் வீட்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். விதிக்கும் பகிடி விடத் தெரியும் போல. அவருடைய சிஞ்ஞோரா, அதுதான் அந்த வீட்டு எசமானி, கெட்ட மனுஷி அல்ல. அதுதான் கொடுமை. கெட்டவர்களிடம் வேலை செய்தால் மனதுக்குள் திட்டியாவது ஆறலாம்.

தொண்ணூற்றேழில் அந்தச் சிஞ்ஞோராவின் பள்ளிக்கூடத்துக்கு அமெரிக்கப் பள்ளி அதிபர்களும் சீனப் பள்ளி அதிபர்களும் வருவதாக ஏற்பாடு. ஒருவர் பின்னால் ஒருவர் நாள் முழுக்க நடந்து, மற்றவர் எப்படிப் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று பார்த்துப் படிக்கிற திட்டம் அது. அமெரிக்கர் சீனாவுக்கும் சீனர் அமெரிக்காவுக்கும் ஏற்கெனவே போய் வந்துவிட்டார்கள். இந்த முறை இரண்டு பகுதிக்கும் பொது இடமாகப் பலேர்மோ அகப்பட்டது. இராஜதுரை முன்பு என்ன வேலை பார்த்தார் என்பது சிஞ்ஞோராவுக்குத் தெரியும். நீயும் வா, வேலைக்காரனாக அல்ல, அதிபராக வா, மத்தியானம் எல்லாரும் தங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போது நீயும் பேசு என்றாள்.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. பல்லரோ சந்தையில் பழைய கோட் ஒன்று வாங்கினார். மனைவி சிவமலர் கையைக் குறுக்கித் தைத்துக் கொடுத்தாள். போரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளை மர நிழலில் இருத்தி, கதிரை மேசை இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்திய கதையை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பெரிய ஆசை ஒன்றுமில்லை. ஒரு நாள், ஒரு அறையில், நாலு பேர் அவரை அதிபராக வைத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

காலை நன்றாகத்தான் போனது. வகுப்பு வகுப்பாக அவர்களோடு நடந்தார். ஒரு அமெரிக்கப் பெண்மணி கை கொடுத்து, உங்கள் பள்ளிக்கூடம் எங்கே என்று மரியாதையாகக் கேட்டாள்.

இடைவேளைக்கு ஆசிரியர் அறையில் கோப்பித் தட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிற்றூழியர் போய்விட்டார். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெரிய ஆட்கள் வந்தால், சிற்றூழியரைக் கொண்டு கோப்பி கொடுப்பிப்பது அவமரியாதை. அதிபரே எழுந்து தன் கையால் கொடுப்பார். அதை வைத்துத்தான் அங்கே அதிபர் யார் என்று தெரியும். தட்டு அனாதையாகக் கிடந்ததைக் கண்டு இராஜதுரையின் கை தானாகப் போனது. வயதில் மூத்த சீனருக்கு முதலில், இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார். பிறகு மற்றவர்களுக்கு. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது.

பிந்தி வந்த ஒரு அமெரிக்கர் தலை நிமிராமலே பால் கேட்டார். இன்னொருவர் வெறுங்கோப்பையை அவரிடம் நீட்டினார். இராஜதுரை சிஞ்ஞோராவைப் பார்த்தார். இவரும் ஒரு அதிபர் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளோ பழக்கதோஷத்தில், வீட்டில் சிரிக்கிற அதே சிரிப்போடு சொன்னாள்.

“சீனியையும் எடுத்துவா.”

எடுத்துக்கொண்டு போனார்.

எல்லாரும் எழுந்து மத்தியானப் பேச்சுக்காக நூலகத்துக்குப் போனார்கள். அழுக்குக் கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. கழுவி வைத்துவிட்டுப் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ பேசத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தார். கதிரைகள் நிறைந்திருந்தன. சிஞ்ஞோரா வாசல் பக்கம் திரும்பவே இல்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

சிவமலர் வாசலிலேயே நின்றாள்.

“என்னப்பா நடந்தது? கதைச்சனீங்களோ?”

“கோப்பி குடுத்தன்.”

“எல்லாருக்கும் நீங்களோ குடுத்தனீங்கள்?”

“ஓம்.”

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப உங்களைத்தான் அங்கை பெரியவரா வைச்சிருக்கினம்.”

அவர் கோட்டைக் கழற்றி மாட்டினார். அன்றிரவே அவள் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இராஜதுரை கதிரையை விட்டு எழும்புவதில்லை. கோப்பி கொடுப்பது சிவமலர்தான். வெள்ளைக்கார அதிபர்களோடு இருந்து வந்த எடுப்பு, தலைக்கனம் என்று சனம் கதைத்தது.